பத்துக்கு எத்தனை

தம்பி, இதைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால் ஒழுங்காக உட்கார். முதுகு நேராக, இரண்டு பாதமும் தரையில் படிய, நீ எனக்குச் சொல்லித் தந்தாயே, அந்த மாதிரி. கட்டிலில் குப்புறக் கிடந்து படிக்கிற கடிதமில்லை இது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நானும் விசாரித்து எழுதினேன், பிறகு வெட்டிவிட்டேன். நான் நலமாக இருக்கிறேனா இல்லையா என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும் எழுதப் போகிறேன். அதை முதல் வரியிலேயே சொல்லி முடிக்க எனக்குத் தைரியமில்லை.

வியாழக்கிழமை நீ போனில் பேசியதை மூன்று நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். உன் ஜிம்முக்கு வருகிற அந்த ரிடையர் ஆன பேங்க் மனேஜர், மனேஜர் அங்கிள் என்று நீ சொல்வாயே, அவர் சின்னப் பெட்டியில் ஏறி இறங்குகிற பயிற்சியில் தலைசுற்றி விழுந்து நெற்றி கிழிந்ததைச் சொன்னாய். இரண்டு கிழமையாக அவருக்கு நெஞ்சில் இறுக்கம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் நீ கேட்டிருக்கிறாய், ஒவ்வொரு நாளும் அவர் ஒன்றுமில்லை என்றிருக்கிறார். நல்ல காலம், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் வெளிநாட்டில் இருக்கிற அவருடைய மகள் போனில் ஏசினாள் என்றாய். ஜிம் முதலாளி எல்லார் முன்னாலும் உன்மேல் பழியைப் போட்டார் என்றாய். நீயும் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு கொழும்பு வெள்ளவத்தை அறைக்குள் கிடக்கிறாய். டோகாவில் ஸ்டோர் வேலை ஒன்று இருக்கிறதாம், வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்தாம். வயசானவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அந்தக் கோர்ஸில் உனக்கு இடம் கிடைத்தபோது எவ்வளவு சந்தோசப்பட்டாய். அதற்கும் வரவில்லை என்று எழுதிப் போடப் போகிறாயாம்.

இதையெல்லாம் கேட்டு நான் பெரிதாகக் கலங்கவில்லை. பிள்ளைக்கு ஒரு வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய் பார், அதுதான் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. “எங்கிட்டதாம்ப்பா பிழை. உங்க ஒரு முழங்கால ஒரு வருசமா என்னால சரியாக்க முடியல. நானெல்லாம் என்னா கோச்சு?” என்றாய். “சரி, சாப்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு அடுப்படியில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற படியில் நான் வழுக்கி விழுந்ததிலிருந்து தொடங்க வேண்டும். எலும்பு உடையவில்லை, முழங்கால் மட்டும் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, வீக்கம் இறங்கியதும் பயிற்சி செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நீ மூன்று நாள் லீவு போட்டு வந்தாய். வந்ததும் காலைத் தொடவில்லை. கதிரையில் உட்காரச் சொன்னாய், எழும்பச் சொன்னாய், வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னாய். நீ சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தபடி நின்றாய். எந்தக் காலை முதலில் வைக்கிறேன், எழும்பும்போது எங்கே கையை ஊன்றுகிறேன் என்று எல்லாம் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் தரையில் மண்டிபோட்டு என் முழங்காலைக் கையில் எடுத்தாய். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருஷத்துக்கு மேல் உதவியாளாக நின்றவன் நான். எத்தனையோ டொக்டர்மாரின் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். உன் கை வேலை தெரிந்த கை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லத்தான் இல்லை.

கதவுத் தாழ்ப்பாளில் அந்தப் பச்சை ரப்பர் பட்டியைக் கட்டினாய். பெரிய எழுத்தில் பயிற்சிகளை எழுதி அலுமாரியில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாய். “தெனமும் சாயந்தரம் ஆறு மணிக்கு எடுப்பேன். ஒரே ஒரு கேள்விதான். நோவே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து. பத்துக்கு எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க” என்றாய். “என்னடா, எனக்கே மார்க்ஸ் போடுறியா?” என்று கேட்டேன். “ஆமாங்கப்பா. இந்தப் பரீட்சையில மட்டும் கொறைய எடுத்தாதான் பாஸ்” என்றாய். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்த சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது.

நீ போன பிறகு முதல் மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் எடுத்தாய். எட்டு என்றேன், ஏழு என்றேன், பிறகு ஐந்து. ஐந்தரைக்கே நான் போனைச் சார்ஜிலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முகம் கழுவி, சட்டையையும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போனில் முகம்கூடத் தெரியாது, இருந்தாலும் மாற்றுவேன். இரண்டாவது மாதம் முடிகிறபோது மூன்றுக்கு இறங்கிவிட்டது. “சூப்பர்ப்பா, இனி ரெண்டு நாளைக்கொருக்கா எடுக்கிறேன்” என்றாய். இரண்டு என்று சொன்னதும் கிழமைக்கு ஒரு தடவை ஆகிவிட்டது. உன்மேல் குறை சொல்லவில்லை. காலையில் ஐந்தரைக்கு ஜிம் திறந்து இரவு வரைக்கும் ஓடுகிறவன் நீ. ஆனால் நோவு குறையக் குறைய உன் போனும் குறைந்துகொண்டே போனது, தம்பி. அது உனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை நீ எடுத்தபோது எனக்குக் காலில் ஒன்றுமே இல்லை. பூஜ்யம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பூஜ்யத்துக்குப் பிறகு நீ எப்போது எடுப்பாய் என்று ஒரு யோசனை வந்தது. “ஆறு” என்று சொல்லிவிட்டேன். “என்னாப்பா, திடீர்னு? எங்கயாச்சும் விழுந்தீங்களா? ஈரத்துல நின்னீங்களா?” என்று பதறினாய். அடுத்த நாளும் எடுத்தாய். அதற்கடுத்த நாளும் எடுத்தாய். நான் ஆறிலேயே நின்றுவிட்டேன். சந்தேகம் வரக்கூடாதே என்று நடுநடுவே ஐந்து சொன்னேன், ஒரு மழை நாளில் ஏழு சொன்னேன். ஒன்பது மாதம், தம்பி. இப்போது எழுதிவிட்டேன். நீ சரியாக்கிய கால் ஒன்பது மாதமாகச் சரியாகத்தான் இருக்கிறது, அப்பாதான் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்குக் கோபம் வரும், வரட்டும். கோபம் ஆறிய பிறகு மீதியைப் படி. பொய் சொல்வதும் லேசான வேலையில்லை என்று தெரிந்துகொள். அடுத்த காம்பராவில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பார்வதியிடம் நீ என்னைப் பற்றி விசாரிப்பாய் என்று தெரியும். அதனால் அவளுக்கு முன்னால் நொண்ட வேண்டி வந்தது. பீலிக்குப் போகும்போது நொண்டி, வரும்போது நொண்டி, அவள் உள்ளே போனதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று ஏறி வருவேன். ஒரு நாள் காலையில் ஏதோ ஞாபகத்தில் மற்றக் காலை இழுத்துவிட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “என்னாங்க அண்ணே, நேத்து வலது காலு, இன்னைக்கி எடது காலா? நோவு வீடு மாறிப் போச்சுங்களா?” என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் பின்னாலேயே வந்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, “தம்பி கேட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. எம் மகளும் கொழும்புலதான இருக்குது” என்றாள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

தனிமை என்று எழுதினால் அது ஏதோ பெரிய விஷயம் மாதிரி இருக்கிறது. உண்மையில் என்ன நடக்கிறதென்றால், வாயைத் திறக்காமலே ஒரு நாள் முடிந்துவிடுகிறது. எங்கள் லயத்து வரிசையில் எட்டுக் காம்பராவில் ஐந்து பூட்டியிருக்கிறது. பிள்ளைகள் கொழும்பிலே கடைகளில், வீடுகளில். பெற்றவர்களில் சிலர் அவர்களோடு போய்விட்டார்கள், சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காலையில் மூடுபனி வாசல் வரைக்கும் வந்து நிற்கும், பத்து மணிக்குத்தான் எதிர்மலை தெரியும். நான் தேத்தண்ணி ஊற்றுவேன். பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பேன். பிறகு அலுமாரிக்கு முன்னால் நின்று நீ எழுதிய பயிற்சிகளை ஒன்று விடாமல் செய்வேன். அதை மட்டும் நம்பு, அதில் பொய்யில்லை. கதிரையில் கை ஊன்றாமல் இருபது தடவை உட்கார்ந்து எழும்புகிறேன். உன் எழுத்தைப் பார்த்துக்கொண்டு செய்வதால் யாரோ வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். அதனாலும் விடவில்லை.

இந்த வருஷம் கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு ஆள் போதவில்லை. வாலிபப் பிள்ளைகள் பாதிப் பேர் லீவு கிடைக்காமல் வரவில்லை. சப்பரத்தின் பின்பக்கம் ஒரு தோள் குறைந்தது. நான் போய்த் தோள் கொடுத்தேன். தோட்டத்துக் கீழ்க்கணக்கு லயங்கள் வரைக்கும் இறங்கி, பங்களா ரோட்டைச் சுற்றி, கடைசி ஏற்றத்தில் ஏறிக் கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். அந்த ஏற்றத்தை உனக்குத் தெரியும். வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். முழங்கால் ஒரு முனகல் முனகவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோசம். யாரோ பொடியன் போனில் படமெடுத்தபோது மட்டும் முகத்தைச் சப்பரத்துப் பூவுக்குள் மறைத்துக்கொண்டேன். பேஸ்புக்கில் போட்டால் நீ பார்த்துவிடுவாயே. ஆறு மணிக்கு நீ எடுத்தாய். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. “எத்தனைப்பா?” என்றாய். என் மகன் சரியாக்கிய காலில் நான் சாமி தூக்கிவிட்டு வந்து நிற்கிறேன். அதைக் கேட்டு ரொம்பப் பெருமைப்படக்கூடிய ஒரே ஆள் நீதான். உன்னிடமே “ஆறு” என்றேன். சாமி கும்பிட்ட வாயால் சொன்ன பொய் அது.

இதனால் உனக்கு என்ன கேடு வரும் என்று நான் யோசிக்கவேயில்லை. மூன்று தடவை பயிற்சியை மாற்றினாய். முழங்காலைப் பற்றி இரண்டு நாள் வகுப்புக்குப் போனாய். என் நடையை ஒரு பொடியனைக் கொண்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி, உன் பெரிய கோச்சிடம் காட்டினாய். உனக்காக நான் நடித்த நடை அது. நீ இன்னும் படிக்கிறாய், நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழங்கால் நோவோடு வந்த இரண்டு வயசானவர்களை, எனக்கு முழங்கால் சரிவராது என்று வேறு கோச்சிடம் நீ தள்ளிவிட்டதை வியாழக்கிழமைதான் சொன்னாய். உன் கை வேலை தெரிந்த கை. அதை நம்பாமல் போக வைத்தவன் நான். மனேஜர் அங்கிள் விழுந்த அன்றைக்கு நீ உன்னைக் காப்பாற்றிப் பேசக்கூட இல்லையாம். அதற்கும் நான்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

டிஸ்பென்சரியில் நான் பார்த்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி லெட்சுமி. கொழுந்து பறிப்பதில் தோட்டத்திலேயே வேகமானவள். ஒரு நாள் வேறு எதற்கோ மருந்து வாங்க வந்தாள். மணிக்கட்டு வீங்கினது போல இருந்தது. டொக்டர் ஐயா, “கை நோவுதா?” என்று கேட்டார். “இல்லீங்க ஐயா” என்றாள். “அமுக்கினா நோவுதா?” “நோவே இல்லீங்க.” நோவுது என்றால் ஓய்வெடு என்பார், ஓய்வெடுத்தால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அவள் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். ஆனால் அவள் உள்ளே வரும்போது கதவை இடது கையால் தள்ளியதை நான் பார்த்தேன். வலது கைக்காரி அவள். ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றி வலது கையில் கொடுத்தேன். வாங்கவில்லை, மேசையில் வைக்கச் சொன்னாள். டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டு அவளைத் திரும்பப் பார்த்தார். அன்றிலிருந்து ஆட்கள் வாயால் சொல்வதைவிட, அவர்கள் கதவு திறப்பதை, பையை இறக்கி வைப்பதை, செருப்பைக் கழற்றுவதை நான் கவனித்துப் பார்ப்பேன்.

மற்றவர் மாரிமுத்துத் தாத்தா. பெண்சாதி இல்லை, பிள்ளையும் இல்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் வயிறு எரிகிறது என்று வந்து நிற்பார். ரோஸ் நிற மிக்ஸர் மருந்து ஒரு போத்தல் ஊற்றிக் கொடுத்து அனுப்புவேன். வாங்கிக்கொண்டு உடனே போக மாட்டார், வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன நோய் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் கூட்டம் அதிகம், எனக்கு எரிச்சல். “என்னா தாத்தா, ஒங்க வயிறு செவ்வாக்கெழம மட்டுந்தான் எரியுமா?” என்று கேட்டேன். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த செவ்வாய் வரவில்லை. கன நாள் கழித்துக் கோயிலடியில் கண்டு கேட்டேன். “நோவு போயிருச்சுங்க” என்றார். என் மருந்து கேட்டது என்று நானும் சந்தோசமாக வந்துவிட்டேன். அவருக்கு வயிற்றில் ஒன்றுமில்லை என்பதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. பிறகு எதற்கு வருகிறார் என்று ஒரு தடவை கேட்கிற புத்தி இல்லை. இப்போது நானே அவர் ஆகிவிட்டேன், ஆறு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மனேஜர் அங்கிளுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். மனைவி இல்லை, மகள் கடல் கடந்து இருக்கிறாள் என்று நீதானே சொன்னாய். நெஞ்சு இறுக்குது என்று சொன்னால் நீ டொக்டரிடம் அனுப்புவாய், டொக்டர் ஜிம்முக்குப் போகாதே என்பார். காலையில் ஒரு மணித்தியாலம் ஒரு பிள்ளை அங்கிள் அங்கிள் என்று பின்னாலேயே நிற்கிறதே, அது போய்விடும். அவர் இருந்த நோவை இல்லை என்றார், நான் இல்லாத நோவை இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் பயந்தது ஒன்றுக்குத்தான். பொய் சொல்கிறவர்களை வைத்து வேலை செய்ய முடியாது என்று வியாழக்கிழமை போனில் கத்தினாயே, அப்படிப் பார்த்தால் வயசான ஒருவரைக்கூட உன்னால் தொட முடியாது. உன் பக்கமும் ஒரு பிழை இருக்கிறது. நீ எத்தனை என்று கேட்பாய், நான் சொல்லுவேன், அந்தப் பக்கம் நீ தட்டி எழுதுகிற சத்தம் கேட்கும், “சரிப்பா, செய்ங்க, வைக்கிறேன்” என்பாய். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த மூன்று நாளும் சுவரில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தாயே, அப்போது நீ எந்த நம்பரும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் என்னால் பொய் சொல்லியிருக்க முடியாது. அங்கிளிடமும் நீ நம்பரைத்தான் கேட்டிருப்பாய், அவர் சப்பாத்து லேஸ் கட்டிவிட்டு நிமிரும்போது எவ்வளவு நேரம் எடுத்தார் என்று பார்த்திருக்க மாட்டாய். சுகமாகி வருகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வை: சுகமான பிறகும் வாங்க, சும்மா வாங்க, நான் பார்ப்பேன் என்று. அதைச் சொல்லாததால்தான் நாங்கள் சுகமாவதற்கே பயப்படுகிறோம்.

பெரிய ஆள் மாதிரி புத்தி சொல்கிறேனே, நான் உனக்குச் செய்தது என்ன? ஜிம்மில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது, “நம்ம ஆளுங்க காலங்காலமா கொழுந்து மூட்டை தூக்குறாங்க, அதுக்கு எவனும் சர்டிபிகட் குடுக்கல. நீ இரும்பு தூக்கி வாங்கப் போறியா?” என்று கேட்டேன். பார்வதி வீட்டில் கேட்கிற சத்தத்தில் கேட்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு தலவாக்கலை டவுனுக்கு நடந்தே போனாய். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூட்டை தூக்கித் தூக்கியே ஐம்பது வயதில் கூனிப் போனவர்களுக்கு மருந்துப் போத்தல் ஊற்றிக் கொடுத்தவன் நான். எப்படித் தூக்கினால் கூன மாட்டார்கள் என்று சொல்லித் தருகிற வேலை ஒன்று இருக்கிறது, அதை என் மகன் படிக்கப் போகிறான் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்குக் கேட்டதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். தாமதம்தான்.

டோகாவுக்குப் போக உனக்கு ஆசை என்றால் போ. நான் தடுக்க மாட்டேன். தனியாகக் கிடக்கிறேன் என்பதற்காக உன்னைக் கட்டி வைக்கவும் மாட்டேன், அதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அப்பாவின் முழங்காலைச் சரியாக்க முடியாதவன் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே. அது உண்மையில்லை. உண்மை என்னவென்றால் இரண்டரை மாதத்தில் நீ அதைச் சரியாக்கிவிட்டாய். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை அந்த மனேஜரின் வீட்டுக்குப் போ. பயிற்சி பற்றிப் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே, பழியும் சொல்லாதே. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய் உட்கார். சாப்பிட்டீங்களா, யார் சமைக்கிறாங்க என்று கேள். போன பிறகு நீ எதை முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். இந்தக் கடிதத்தை உன் கூட வேலை செய்த பிள்ளைகளுக்கும் காட்டு. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் காட்டு. அவர்களிடம் வருகிறவர்களிலும் என்னை மாதிரி ஒரு பொய் நொண்டி இருப்பான்.

இதுவரைக்கும் வீட்டில் எழுதியது. தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்து சேருமோ தெரியாது என்று காலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். பார்வதியிடம் சாவியைக் கொடுத்தேன். “நொண்டாமலே போறீங்களே அண்ணே” என்று சிரித்தாள். ஹட்டனிலிருந்து ஒரு மணித்தியாலம் நின்றுகொண்டுதான் வந்தேன், கினிகத்தேனை வளைவிலும் விழவில்லை. கொழும்பில் இறங்கும்போது கண்டக்டர் பொடியன், “சீயே, ஹெமின் பஹின்ன” என்று கையைப் பிடிக்க வந்தான். மெதுவாக இறங்குங்க தாத்தா என்கிறான். பிடிக்கவிடாமல் குதித்து இறங்கினேன். அவன் சிரித்தான். ஒருவரிடமாவது காட்டிவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி.

இந்தக் கடைசிப் பக்கத்தை உன் அறைக்கு வெளியே, மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று மாடியும் கைப்பிடியைத் தொடாமல் ஏறி வந்தேன். உள்ளே காற்றாடி ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஒரு தடவை நீ இருமினாய். கதவைத் தட்டக் கையை எடுத்தேன், தட்ட முடியவில்லை. நீ இதைப் படிக்காமல் என் முகத்தைப் பார்த்தால், கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பாய், நானும் பழக்கத்தில் ஆறு என்று சொன்னாலும் சொல்லிவிடுவேன். அதனால் இதைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு இறங்கிப் போகிறேன். உன் ஜன்னலுக்கு நேர் எதிர்ப்பக்கம் தேத்தண்ணிக் கடை ஒன்று இருக்கிறது, அதன் வாசலில் நிற்பேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும் வரைக்கும் நிற்பேன், நீ வராவிட்டால் திரும்பிப் போய்விடுவேன், உன்மேல் கோபப்பட மாட்டேன்.

படித்து முடித்ததும் போன் எடுக்காதே. எத்தனை என்று கேட்காதே. ஜன்னலைத் திற, தம்பி. நீ திறந்ததும் நான் ரோட்டைக் கடந்து உன்னிடம் வருவேன். நான் நடந்து வருகிறதைப் பார்த்துவிட்டு நம்பரை நீயே சொல்லு.